சொல் தட்டாத தோழர்

அஞ்சலித் துண்டுப்பிரசுரத்தின் நான்காவது வரியைத் தயாளினி கறுப்புப் பேனையால் வெட்டிக்கொண்டிருந்தாள். இருநூறு முடிந்திருந்தன, இன்னும் முந்நூறு கிடந்தன. அன்புவழிபுரத்து வீட்டின் முன் அறையில், சவப்பெட்டிக்குள், அவளுடைய அப்பா, முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் சோமசேகரம், வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு கிடந்தார்.

வெட்டுப்பட்ட வரி இதுதான்: 'கட்சியின் சொல்லை ஒருபோதும் தட்டாத தோழர்.'

கட்சிக்காக இதை எழுதியவர் அப்பாவைத் தூரத்தில்கூடக் கண்டிருக்கமாட்டார். இரண்டு தவணை பின்வரிசையில் இருந்து, இரண்டு தவணையும் கட்சித் தலைமைக்குத் தலையிடி கொடுத்த மனிதர் அவர். கட்சி 'ஓம்' என்றால் அவர் 'ஏன்' என்பார். கடைசியில் கட்சி அவரை நீக்கியது. அவர் கட்சியை விடவில்லை. மே தினத்துக்குக் கூப்பிடாமலே போய் ஊர்வலத்தின் வாலில் நடப்பார்.

துறைமுகத் தொழிற்சங்கக்காரர் மஹ்ரூப் கிண்ணியாவிலிருந்து விடியவே வந்திருந்தார். கதிரையை இழுத்துப்போட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"எனக்கொரு பேனை தாங்க தங்கச்சி. ரெண்டு பேரா வெட்டினாக் கெதியா முடியும்."

கட்சிச் செயலாளர் யோகலிங்கம் வந்து எட்டிப் பார்த்தார். கக்கத்தில் மடித்த செங்கொடி இருந்தது. சின்ன வயதிலிருந்து தயாளினி அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன பிள்ளை இது? அச்சடிச்சு முடிஞ்சுதே."

"ஓம் மாமா. அதாலதான் கையால வெட்டுறம்."

"செத்த வீட்டில இதெல்லாம் ஒரு மரியாதைக்குச் சொல்லுறது."

"அப்பாவுக்கு அது மரியாதை இல்லை. அவரைப் பொய்யோட அனுப்ப ஏலாது."

யோகலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "நீக்கின ஆளுக்கு என்னெண்டு கொடி போட்டனீ எண்டு மேலிடம் கேக்கும். இந்த வரி இருந்தாத்தான் நான் பதில் சொல்லலாம். விளங்குதா?"

விளங்கியது. வரி இல்லையென்றால் கொடியும் இல்லை. பெட்டியின் தலைமாட்டில் இருந்த அம்மாவுக்கும் அது கேட்டிருக்கும். காலையில் அம்மா தங்கரத்தினம் கேட்டது ஒன்றே ஒன்று: அவர் மேல கட்சிக் கொடி போடவேணும். ஐம்பது வருசம் கட்சிக் கூட்டங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிய மனுசி வேறெதையும் கேட்கவில்லை. தயாளினி பேனையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"அம்மா?"

"நீ வெட்டு," என்றாள் தங்கரத்தினம்.

நாலு மணிக்கு இரங்கல் உரைகள் தொடங்கின. யோகலிங்கம் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். அவர் கையிலும் வெட்டுப்பட்ட தாள்தான், வேறு கிடைத்திருக்காது. பிறந்தது சம்பூரில் என்று வாசித்தார். தொழிற்சங்கத்தில் சேர்ந்த ஆண்டை வாசித்தார். நான்காவது வரியில் நின்றார். முற்றம் நிறையத் துறைமுகத் தொழிலாளர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"துறைமுக வேலையைத் தனியாருக்குக் கொந்தராத்தாக் குடுக்கிற சட்டம் வந்த நேரம், கட்சி தன்ர ஆக்களை எழும்பி வெளியில போகச் சொன்னது. எல்லாரும் போச்சினம். சோமசேகரம் மட்டும் இருந்து எதிர்த்து வாக்குப் போட்டார். சட்டம் நிறைவேறிட்டுது. அவர் தனியாத் தோத்தார். அவரை நீக்கின கடிதத்தில கையெழுத்து வைச்சது நான்தான்."

அவர் ஒலிவாங்கியை விட்டு விலகினார். மஹ்ரூப் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, திரும்பப் போட்டுக்கொண்டார்.

யோகலிங்கம் நேரே பெட்டியடிக்கு வந்து கொடியை விரித்தார். மேலிடத்துக்கு என்ன சொல்லப்போகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தயாளினி மறுபக்கம் போய் இரண்டு முனைகளைப் பிடித்தாள். கிளை அலுவலகத்துக் கொடி, சிறியது. நெஞ்சை மூடினால் கால் தெரிந்தது. யோகலிங்கம் காலுக்கு இழுத்தார். தயாளினி நெஞ்சுக்கு இழுத்தாள்.

தங்கரத்தினம் எழுந்து வந்து இரண்டு பேரின் கைகளையும் விலக்கினாள். கொடியை அவர் கழுத்துவரை ஏற்றிவிட்டு, மடிப்புகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் நீவத் தொடங்கினாள். பெட்டி தூக்க வந்தவர்கள் காத்து நின்றார்கள்.