பிரித்துத் தைத்த கால்சட்டை

காலையில் எழுந்ததும் என் கணவர் செய்யும் முதல் வேலை, நாக்கால் முன்பல்லைத் தள்ளிப் பார்ப்பது. அது ஆடும். அவர் முகம் தொங்கிப்போகும். ட்ரம்பெட் ஊதுகிறவருக்கு முன்பல்தான் முதலாளி. அது விழுந்தால் பேண்டு வாத்தியக் குழுவில் அவருக்கு இடமில்லை. அப்புறம் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து என் உயிரை வாங்குவார்.

பல் டாக்டர் ஒரு சிகிச்சையைச் சொன்னார். இன்னும் பரிசோதனையில்தான் இருக்கிறதாம். வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து ஈறுக்குள் வைப்பார்களாம். கரைந்துபோன ஈறும் பல்லைத் தாங்கும் எலும்பும் திரும்ப வளரலாமாம். "வளரும்னு சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்" என்றபடி என் கணவருடைய இடுப்பைக் கிள்ளினார். தோல் மட்டும்தான் வந்தது.

"என்கிட்ட எடுத்துக்கோங்க டாக்டர். தாராளமா இருக்கு."

"அவரோடதுதாம்மா வேணும்."

இத்தனை வருஷம் சேர்த்து வைத்தது கட்டினவருக்குக்கூட உதவவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சதை போடச் சாப்பிட வேண்டும். சாப்பிடப் பல் வேண்டும். எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அரைத்தேன்.

"இதுல என்ன போட்டிருக்கே?"

"கேக்காதீங்க, முழுங்குங்க."

மிச்சத்தைக் கொட்ட மனமில்லாமல் நான் குடித்தேன். எனக்கு உடனே ஒட்டியது.

நான் தையல்காரி. கல்யாணமானதிலிருந்து அவருடைய சீருடைக் கால்சட்டையை இடுப்பில் சுருக்கிப் பிடித்துத்தான் தைத்திருக்கிறேன். ஒருநாள் பொத்தான் மாட்ட முடியாமல் திணறினார். டேப்பை வைத்து அளந்தேன். முதல்முறையாக இடுப்புத் தையலைப் பிரித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரும் கிள்ளிப் பார்த்து, "போதும்" என்றார்.

சிகிச்சை முடிந்து வாரக்கணக்கில் வெறும் கஞ்சித் தண்ணீராகவே குடித்தார். அரைத்து ஏற்றியதெல்லாம் போன இடம் தெரியவில்லை. கால்சட்டை நழுவியது. திரும்பவும் பிடித்துத் தைக்க எனக்குக் கை வரவில்லை. பல்லை நாக்கால் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ஆடுகிறதா இல்லையா என்பது அவருக்கும் தெரியாது.

இன்று மெதுவாக ஊதிப் பார்க்க அனுமதி கிடைத்தது. சீருடையை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். ஒரு கையில் ட்ரம்பெட், மறு கையில் கால்சட்டை.

"ஊதட்டுமா?"

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கு மட்டும் இல்லையா? வந்து இதைப் பிடி."

பின்னால் போய் நின்று கால்சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் கன்னங்கள் உப்பின.