ரப்பர் தவளையும் எட்டு நிமிடமும்

தூண்டில் சாமான் கடையில் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. எந்த மீனுக்கு எந்த ரீல் என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள்; எண் போட்டு, தேதி போட்டுப் பதில் அனுப்புவேன். கோலின் மேல்பக்கம் உட்காரும் பெய்ட்காஸ்ட் ரீல் விஷயத்தில் என் பதில்கள் கடைக்கே பெருமை. விரால் என்றால் பாசிக்குள்ளிருந்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். ஆகவே வேகமாகச் சுற்றும் ரீல், தடித்த தூண்டில் நரம்பு. பெரிய கெளுத்திக்கு நிறைய நரம்பு கொள்ளும் பெரிய உருளை, நிதானமான பல்சக்கரம். பொடிக் கெண்டைக்கு அந்த ரீலே வேண்டாம், சாதாரணமானது போதும். ஆறு வருடமாக இப்படி எழுதுகிறேன். ஒரு தடவைகூடத் தண்ணீரில் தூண்டில் வீசியதில்லை. யாரும் கேட்கவுமில்லை.

கேட்டவர் சர்வேயர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் அளவு நாடா வைத்திருப்பவர். நான் அவருக்கு எழுதிய பதினேழு கடிதங்களையும் கோப்பில் கோத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"பதினொன்னாம் கடிதத்துல 'கட்டைவிரலே பிரேக்'னு எழுதியிருக்கீங்க. அந்தக் கட்டைவிரலை நான் பாக்கணும். ஞாயித்துக்கிழமை ஏரிக்கு வாங்க."

"சார், கடையில வேலை..."

"ஞாயித்துக்கிழமை கடை லீவு," என்று உள்ளேயிருந்து முதலாளியின் குரல் வந்தது.

சர்வேயர் படியிறங்கியதும் முதலாளி என் மேசைக்கு வந்தார். "வீசத் தெரியும்தானே?"

"எழுதத் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. "அவர் மீன்பிடி சங்கத்துத் தலைவர்யா. நீ எழுதினதெல்லாம் புளுகுன்னு அவர் சொல்லிட்டா, திங்கக்கிழமையிலேருந்து குடோன்ல பெட்டி அடுக்கு. இந்த நாற்காலி வேற ஆளுக்கு."

சனிக்கிழமை மாலை மொட்டைமாடியில் பழகிப் பார்த்தேன். முதல் வீச்சிலேயே கொக்கி துணிக்கொடியில் மாட்டியது. வீட்டுக்காரி வந்து பார்த்தாள்.

"ஏங்க, என் போர்வை என்ன மீனுங்க? அதுக்கு எந்த ரீலு?"

"கொஞ்சம் சும்மா இரேன்."

"நான் சும்மாதான் இருக்கேன். ஊருக்கெல்லாம் நீச்சல் சொல்லிக் குடுத்துட்டு, தண்ணி எந்தப் பக்கம்னு இப்பத் தேடறது நீங்கதான்."

ஞாயிறு காலை ஏரிக்கரையில் நாங்கள் இருவர் மட்டும். சர்வேயர் ஒரு கையில் கைக்கடிகாரமும் மறுகையில் நோட்டுமாகத் தண்ணீரோரம் நின்றார். ஒன்பதாம் கடிதத்தில் எழுதியபடி திருகுகளை இறுக்கினேன். கொக்கியில் இரையாக ரப்பர் தவளை. கோலை ஓங்கி வீசினேன்.

இந்த ரீலில் இரை பறக்கும்போது உருளையும் கூடவே சுழலும். இரை வேகம் குறைந்த பிறகும் உருளை தன்பாட்டுக்குச் சுழன்றால் நரம்பு பொங்கிச் சிக்கிவிடும். அதனால் கட்டைவிரலை உருளைமேல் லேசாக வைத்திருக்க வேண்டும். இது எனக்குத் தெரியும், கட்டைவிரலுக்குத் தெரியவில்லை. தவளை பத்தடி தள்ளிப் பாசிமேல் விழுந்து உட்கார்ந்தது. ரீலில் நரம்பு சீப்பைக் காணாத தலையாகச் சிலும்பி நின்றது.

சட்டென்று சர்வேயருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். சிக்கை நகத்தால் நோண்ட ஆரம்பித்தேன்.

"என்ன பண்றீங்க?"

"சரிபாக்கறேன் சார்."

"எதை?"

"நரம்போட மனநிலையை."

அவர் அதை எழுதிக்கொண்டார். நாற்காலி கையை விட்டுப் போய்விட்டது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஒரு முடிச்சை எடுத்தால் இரண்டு முளைத்தன. பின்னால் தண்ணீர் வெடித்தது. திரும்பினேன்; கோல் வில்லாக வளைந்தது. அசையாமல் கிடந்த தவளையை ஒரு விரால் விழுங்கியிருந்தது. சிக்கிய ரீல் முன்னும் சுற்றவில்லை, பின்னும் சுற்றவில்லை. வேறு வழியில்லாமல் கோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து கரையேறினேன். விராலும் என்னோடு கரையேறியது.

"ரீலைச் சுத்தவே இல்லையே?"

"விராலுக்கு யோசிக்க நேரம் குடுக்கக் கூடாது சார்."

நாடாவை நீட்டி அளந்தார். "ரெண்டேகால் அடி! நீங்க வீசி எட்டு நிமிஷம்!" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார், கட்டைவிரலைத் தனியாக ஒரு முறை.

திங்கட்கிழமை நாற்காலி என்னுடையதாகவே இருந்தது. சங்கத்தின் பலகையில் சர்வேயர் குறிப்பு ஒட்டியிருப்பதாகச் செய்தி வந்தது: வீசவும். திரும்பி நிற்கவும். எட்டு நிமிடம் ரீலை வருடவும். பின்னால் நடக்கவும். எந்தத் திசை பார்த்துத் திரும்ப வேண்டும் என்று கேட்டு ஏழு கடிதங்கள் வந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி சர்வேயருக்குப் பதினெட்டாம் கடிதமாக எழுதி முதலாளியிடம் காட்டினேன்.

"நல்லா எழுதியிருக்கே," என்று மடித்துத் தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "அடுத்த மாசம் சங்கத்துக்கு முன்னாடி செஞ்சு காட்டு."

ஒரு மாதம் தினமும் மாலையில் பழகினேன். போர்வைகளை வீட்டுக்காரி வீட்டுக்குள் உலர்த்தினாள். செய்து காட்டும் நாளில் சங்கத்தார் இருபது பேர் பார்க்க நான் வீசிய தவளை நாற்பது அடி தாண்டி, நினைத்த இடத்தில் பூப்போல இறங்கியது. உருளையில் ஒரு முடிச்சில்லை. என் கட்டைவிரலைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. எழுதியபடியே தவளை தத்தித் தத்தி வரும்படி இழுத்தேன். அரை மணி நேரம் ஒரு மீனும் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் சர்வேயரின் புகார் வந்தது. செய்முறையிலிருந்து விலகல், திரும்பி நிற்கவில்லை, ரீலை வருடவில்லை, அலட்சியம் தெரிந்தது.

பதில் எழுத வேண்டியவன் நான்தான். அனுப்பாத கடிதத்தின் எண் காலியாக இருந்தது. தாளின் மேலே பதினெட்டு என்று போட்டேன், தேதி போட்டேன். "ஐயா, நடந்த பிழைக்கு வருந்துகிறோம். இனி இப்படிச் சரியாக நடக்காது" என்று எழுதி, 'சரியாக' என்பதை மட்டும் அடித்துவிட்டு அனுப்பினேன்.