சின்னையா எழுந்து வரவில்லை

“நர்ஸ் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுச்சு அண்ணே. அந்தம்மா அசையவே இல்ல.”

“காது கேக்கலையா?”

“நல்லா கேட்டுச்சு. ‘சின்னையா’ன்னு கூப்பிட்டா எப்படி எந்திரிப்பாங்க? அது அவங்க அப்பா பேரு லா!”

ஆபீசுக்குத் திரும்பிய சீதாலெட்சுமி கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. கிள்ளானில் ஒரு கண் கிளினிக்கில் அன்று காலை அவர்கள் குழு செய்த வலைப்பக்கத்துக்கு வெள்ளோட்டம். அடுத்த நோயாளியின் பெயர் திரையில் வரும். நர்ஸ் அதைப் படித்துக் கூப்பிடுவாள். ‘பவுனம்மாள் ஏ/பி சின்னையா’ என்று பதிந்திருந்தார்கள். சின்னையாவின் மகள் பவுனம்மாள். திரை கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது.

“செத்துப்போன அப்பா பேருல யாரோ வந்திருக்காங்கன்னு நெனச்சாங்களாம். எந்திரிச்சுப் போற ஆளைப் பாக்கணும்னு உக்காந்தே இருந்தாங்க. டேர்ன் போச்சு. திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க.”

குழுத் தலைவர் ஜெயராஜ் சிரித்தார். “நான் போனா ‘நாகையா’ன்னு கூப்பிடும். எங்கப்பா குஷியா எந்திரிச்சுப் போவாரு.” அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கோளாறு எங்கே என்று இருவருக்கும் தெரியும். சிங்கப்பூர்த் தலைமை அலுவலகம் எழுதிய ஸ்பெக்கில், அதாவது வரையறை ஆவணத்தில், ‘நபர்’ என்றொரு இடைமுகம்; எல்லா வகை ஆட்களுக்கும் பொதுவான அச்சு. கூப்பிடும் பெயரைத் தரும் மெத்தட் என்ற செயல்முறை அதில்தான் இருந்தது: எப்போதும் கடைசிச் சொல். ‘நோயாளி’ அதற்குப் பிள்ளையாகப் பிறந்ததால் அந்த நடத்தையும் அப்படியே இறங்கியிருந்தது.

“‘நபர்’ல நான் கையே வைக்கல. கிளினிக்குல உக்காந்தே ‘நோயாளி’ல மட்டும் அந்த மெத்தட்ட புதுசா எழுதிட்டேன். மகளுக்குப் போடுற ஏ/பி, மகனுக்குப் போடுற ஏ/எல் வந்தா, அதுக்கு முன்னால உள்ள பேரைத் தரும். ஓடுது, பாருங்க.”

அவள் திறந்து காட்டிய லேப்டாப் திரையில் ‘பவுனம்மாள்’ என்று வந்தது. ஜெயராஜ் குனிந்து பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா ஸ்பெக்குல இல்லாத நடத்தைய கிளினிக்குல போட சிங்கப்பூர்க்காரங்க விடமாட்டாங்க. இனி மாத்தக்கூடாதுன்னு ஸ்பெக்க போன வாரமே மூடியாச்சு.”

“மூடினவங்க மனுஷங்கதானே?”

“நீ அவங்கள மீட்டிங்குல பாத்ததில்ல.”

கீழே பங்சார் சாலையில் பஸ் ஒன்று ஹாரனை அழுத்தியபடி போனது. சிங்கப்பூரிலும் வெள்ளிக்கிழமை மாலை, கொஞ்ச நேரத்தில் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். சீதாலெட்சுமி தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“திங்கக்கிழமை அந்தம்மா மறுபடி அங்க உக்காந்திருப்பாங்க. ‘நோயாளிக்கு மட்டும் இந்த மெத்தட் வேற மாதிரி நடக்கும்’னு ஒரே ஒரு வரி சேக்கச் சொல்லுங்க அண்ணே. இப்பவே கூப்பிடுங்க.”