சிரிக்கும்வரை

1.

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. தொழிற்சாலையில் இரவு ஷிப்டை விட்டு நின்றபின் படப்பிடிப்புகளில் விளக்குப் பிடிக்கப் போனேன். கிள்ளான் பக்கம் காப்பார் என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டில், டிவியில் போட தீபாவளி டெலிமூவி எடுத்தார்கள். அங்கே பார்த்ததை எழுதுகிறேன். பார்க்காததையும் எழுதுவேன், வேறு வழியில்லை.

முதல் வரி இப்படி இருந்தது: ஒரு காலத்தில் கிள்ளான் மேடைகளின் குயிலாகத் திகழ்ந்த

[அடித்துவிட்டேன். குயில் என்று எழுதும் கை எதையும் எழுதும்.]

2.

மறுபடியும். புஷ்பவல்லி அறுபதைத் தாண்டியவர். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். கிள்ளான் கோயில் திருவிழா மேடைகளில் பாடி நடித்தவர். டிவி நாடகங்களில் கதாநாயகி, அப்புறம் அண்ணி, அப்புறம் அம்மா. பாட்டு எப்போது நின்றது என்று கேட்டால் யோசிப்பார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் படத்தில் அவர் செத்துப்போன அம்மா. சுவரில் மாலை போட்ட போட்டோ, வேறு காட்சி கிடையாது. உயிரோடு இருக்கும்போது தன் போட்டோவுக்கு மாலை போட யாரும் லேசில் சம்மதிக்க மாட்டார்கள். கதையில் அந்த அம்மாவின் தாலாட்டு ஒன்று வருகிறது. அதை அவரே பாடலாம் என்று இயக்குநர் ரிஷி போனில் சொல்லியிருந்தான். அதற்காகத்தான் சம்மதித்தார்.

3.

(இங்கே ஒரு கண்ணீர்க் காட்சிக்கு இடம் விட்டிருந்தேன். அவர் அழவில்லை.)

மாலை போட்ட போட்டோவை எடுத்து முடித்தார்கள்.

"பாட்டு ரெக்கார்டிங் எப்ப தம்பி?"

ரிஷி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது முடிஞ்சிருச்சு ஆன்டி. சேனல்ல யங் வாய்ஸ் கேட்டாங்க. சாரி லா."

"செத்தவ மட்டும் கெழவியா இருந்தா போதுமா?"

மேக்கப் போடும் அக்கா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

4.

செத்தவராக நடித்தவரை அப்படியே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். தோஷம் கழிய, அவர் உயிரோடு சிரிப்பதைக் கடைசியாக ஒரு ஷாட் எடுப்பார்கள்.* சிரித்த பிறகுதான் கட்.

"சிரிங்க ஆன்டி. ரோலிங்."

புஷ்பவல்லி சிரிக்கவில்லை. அந்தத் தாலாட்டைப் பாட ஆரம்பித்தார். அப்போது அவர் மனதில்

[தெரியாது. நான் விளக்குக்குப் பின்னால் நின்றேன்.]

பாட்டு மேலே போன இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தினார். மூச்சு வாங்கிக்கொண்டு, அதே வரியைச் சுருதி இறக்கிப் பாடினார்.

"கட் சொல்லு பாஸ், வெளிச்சம் போவுது," என்றான் கேமராமேன் கமலநாதன்.

"இன்னும் சிரிக்கலடா. நாளைக்கு அவங்களுக்கு எதாச்சும் ஆனா யார் தலையில விழும்?"

கேமரா ஓடியது. அது நிற்காது என்பது புஷ்பவல்லிக்குத் தெரியும். எத்தனையோ முறை செத்தவராக நடித்தவர். முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டுச் சிரித்தார்.

"இப்ப வெட்டிக்கப்பா."

* இந்த ஷாட் படத்தில் வராது. பிறகு அழித்துவிடுவார்கள்.

5.

முடிவு ஒன்று: ரிஷி மனம் மாறி அந்தக் குரலையே படத்தில் வைக்கிறான். [எழுதிய எனக்கே நம்பிக்கையில்லை.]

முடிவு இரண்டு: தீபாவளியன்று டிவியில் வேறொரு பெண் பாடுகிறாள். புஷ்பவல்லி எழுந்துபோய் [வேண்டாம். இதை ஆயிரம் பேர் எழுதியாயிற்று.]

அந்த ஷாட் இன்னும் கேமரா கார்டில் இருக்கிறது. அடுத்த வேலைக்குக் கார்டு வேண்டும், அழிக்கவா என்று கமலநாதன் என்னைக் கேட்கிறான். ரிஷிக்கு அக்கறையில்லை. முடிவு தேடி எனக்கு அலுத்துவிட்டது. நீங்களே சொல்லுங்கள். ஆனால் பாட்டைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். குரல் உடையும் இடத்தில் நிறுத்தக்கூடாது. அவர் சிரிக்கும்வரை ஓடவிட வேண்டும்.