காயம் பார்த்துச் சேர்த்த பள்ளி

தங்கச்சி, புல்டோசர் என்று பெயரெடுத்த பையனின் முன்பற்கள் இரண்டைக் குழாயடியில் வைத்துப் பெயர்த்த மறுநாள், தலைமையாசிரியர் அம்மாவை வரவழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அம்மாவுக்கு ஓர் அரசு அலுவலகத்தில் நாற்காலி கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஆகவே விஷயம் பெரியது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அதற்கு முந்தின வாரம் புல்டோசர் அவள் இடது கையை வகுப்பறைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தான். இரண்டு விரல்கள் முறிந்தன. ஏன் என்று கேட்டதற்கு, கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பார்த்தேன் என்றானாம். சாத்தியது. தங்கச்சி அழவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, மிச்சமிருந்த கையால் தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள். சொம்பும் நசுங்கிவிட்டதால், அரசுச் சொத்துக்குச் சேதம் என்று தலைமையாசிரியர் அதையும் குற்றத்தில் சேர்த்துக்கொண்டார். டிசியில் நன்னடத்தை என்றே எழுதியிருப்பதாகவும், இல்லாவிட்டால் அடுத்த பள்ளி அவளைச் சேர்க்காது என்றும் கரிசனத்தோடு சொன்னார். பையனை என்ன செய்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவன் பல்லைத் தேடிக்கொண்டிருப்பான் என்று விட்டுவிட்டோம்.

எங்கள் வட்டாரத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிகள் மொத்தமே மூன்று. இவள் படித்த பாலத்தடிப் பள்ளி கைவிட்டது. மிச்சம் மேட்டுப் பள்ளியும் ஆலைப் பள்ளியும். இரண்டில் ஒன்றில் இவள் பத்தாவதை முடிக்க வேண்டும். இல்லையென்றால் அத்தை வேலை பார்க்கும் நூல் மில். அத்தை ஏற்கெனவே வந்து இவள் தோளுக்கும் இடுப்புக்கும் சீருடை அளவு எடுத்துப் போயிருந்தாள்.

நான் கல்லூரியில் புள்ளியியல் படிப்பவன். இரண்டு பள்ளிகளின் தேர்ச்சி விகிதத்தையும் ஒப்பிட்டு, அழகாக அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கோழிக்கடையில் வெட்டுபவள். அந்தத் தாளில் யாருக்கோ ஈரல் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

அவளுக்கு வேறு வழிமுறை இருந்தது. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று வெளியே வரும் பிள்ளைகளின் உடம்பைப் பார்த்தாள். முழங்காலில் சிராய்ப்பு என்றால் விளையாட்டு. முன்கையில் நீளத் தடிப்பு என்றால் வாத்தியார். கழுத்தில் நகக்கீறல் என்றால் நண்பர்கள்.

மேட்டுப் பள்ளியில் மூன்றும் இருந்தன. ஒருவன் காது மடலைக் கையில் பொத்திக்கொண்டு வந்தான். பின்னாலேயே வந்தவன் அவன் பையையும் தூக்கிக்கொண்டு வந்தான். கடித்தவனே அவன்தானாம். உள்ளே தலைமையாசிரியர், தன் பள்ளியில் அடிதடி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தபோது மாடியில் கனமாக ஏதோ விழுந்து, கூரைச் சுண்ணாம்பு அவர் டீயில் உதிர்ந்தது. அவர் விரலால் அதை ஒதுக்கிவிட்டுக் குடித்தார்.

ஆலைப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். முழங்கால் சிராய்ப்பு மட்டும். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. போகிற ஒருத்தியைப் பிடித்து நிறுத்திச் சட்டைக் கையை மேலே ஏற்றிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"இங்கதான்டா," என்றாள். என் புள்ளிவிவரமும் அதையே சொன்னது. நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

திங்கட்கிழமை ஆலைப் பள்ளித் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தால், அங்கே பெஞ்சில் புல்டோசர் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அப்பா, டிராக்டர் ஓட்டுபவர். பாலத்தடிப் பள்ளி அவனையும் நன்னடத்தையோடு அனுப்பிவைத்திருந்தது. அந்த மனிதரும் எதிர்க் கடையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்து, அலசி ஆராய்ந்துதான் இந்த முடிவுக்கு வந்தாராம்.

"அந்த மேட்டு ஸ்கூல்ல பசங்கள போட்டு அடிக்கிறாங்கம்மா," என்றார் அம்மாவிடம், நியாயம் கேட்பவர் போல. "என் புள்ள தாங்க மாட்டான்."

அம்மா தங்கச்சியின் கட்டுப் போட்ட கையைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது மட்டும் தாங்குமா?"

அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். வேகமாகத் தட்டவில்லை, ஆனால் முறிந்த விரலில் பட்டது. தங்கச்சியின் வாயிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. அம்மாவின் கை எப்போது எழுந்தது என்று நான் பார்க்கவில்லை. அவர் உதடு கிழிந்ததைத்தான் பார்த்தேன். மேஜைக் கண்ணாடி சரிந்து நொறுங்கியது. அவர் அம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுத்தார், அம்மா அவர் மணிக்கட்டைக் கடித்தாள். நடுவில் புகுந்து சமாதானம் செய்யலாம் என்று நான் நினைத்தேன். படித்தவன். அவர் முழங்கை என் மூக்கில் இறங்கியது.

பிள்ளைகள் இருவரும் சுவரோரம் ஒருவர் பக்கத்தில் ஒருவராக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைமையாசிரியர் கண்ணாடித் துண்டுகளைச் செய்தித்தாளில் கூட்டி அள்ளினார். "எங்க ஸ்கூல்ல இதுவரைக்கும் யாரும் யாரையும் அடிச்சதில்ல. நீங்கதான் ஆரம்பிச்சு வெச்சிருக்கீங்க," என்றார் மெதுவாக. பத்தாவதுக்கு ஒரே பிரிவுதான், அதில் ஒரே பெஞ்சுதான் காலி என்றார். சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் இருவரில் எவர் கை ஓங்கினாலும், யார்மீது ஓங்கினாலும், அன்றைக்கே டிசி. அந்த டிசியில் நன்னடத்தை என்று எழுத மாட்டேன் என்றார்.

வராந்தாவில் அம்மா கொண்டையை முடிந்துகொண்டே தங்கச்சியிடம் சொன்னாள்: "எவன் என்ன பண்ணாலும் கைய தூக்காத. தூக்கினா மில்லுதான்."

"அவங்க தூக்கினா?"

அம்மா கொண்டை ஊசியை வாயில் கவ்விக்கொண்டாள். எனக்கு மூக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

பியூன் இருவரையும் வகுப்புக்குக் கூட்டிப்போனார். நான் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றேன். கடைசி பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள். நடுவில் இரண்டு பேர் உட்காரலாம். ஆசிரியை புதுப் பையனை எழுப்பிப் பெயர் கேட்டாள். அவன் சொன்னான். பாதிப் பெயர் பல் பெயர்ந்த இடத்தில் காற்றாகப் போனது. முன்வரிசையில் ஒருவன் அதே மாதிரி விசிலடித்துக் காட்ட, ஒரு தடிப்பும் நகக்கீறலும் இல்லாத அந்த வகுப்பு மொத்தமும் சிரித்தது. ஆசிரியைகூடச் சிரிப்பை மறைக்கக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புல்டோசர் உட்காரவில்லை. காது சிவந்து, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். தங்கச்சி சிரிக்கவில்லை. முன்வரிசைக்காரனின் பின்மண்டையையே பார்த்தபடி, கட்டுப் போட்ட கையால், வலது கைச் சட்டையை மேலே மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மடிப்பு. விரல் வலித்திருக்க வேண்டும், கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு இன்னொரு மடிப்பு.