பர்மா கரி

எங்கள் வீட்டில் நான் கழுவிய முதல் பாத்திரம், கழுவவே கூடாத பாத்திரம்.

அது ஒரு பித்தளைக் குண்டான். என் தாத்தா பச்சையப்பன் ரங்கூனில் கூலி வேலை பார்த்தவர். உலகப் போரில் அங்கே குண்டு விழ ஆரம்பித்ததும் காடு மலையெல்லாம் ஏறி நடந்தே ஊர் திரும்பினார். வழியில் கஞ்சி காய்ச்சியது அந்தக் குண்டானில்தான். ஆந்திராவில் உள்ள எங்கள் ஊரான நகரிக்கு வந்தபின் அதை யாரும் அடுப்பில் ஏற்றவில்லை. வீட்டுப் பெண்கள் உள்பக்கத்தை மட்டும் துடைத்து, அடிக்கரியோடு பரண்மேல் வைப்பார்கள். அவர்களுக்குச் சோம்பல் என்றே நினைத்திருந்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

ஏழாவது படிக்கும் என் மகள் பிரமிளாவின் பள்ளியில், போர்க்காலப் பொருள் எதையாவது வீட்டிலிருந்து கொண்டுவந்து கதை சொல்லச் சொன்னார்கள். ஒரு வாரமாகக் குண்டான் கதையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி ஷோபா பாகாலாவில் தாய் வீட்டில் இருந்தாள், தடுக்க ஆளில்லை. பத்துப் பேர் பார்க்கிற இடத்துக்குக் கரிச்சட்டியா போவது? விடிந்ததும் புளி, செங்கல் பொடி, தேங்காய் நாரோடு உட்கார்ந்தேன். பவர்லூம் ஓட்டுகிற கை, லேசில் விடவில்லை. குண்டான் கல்யாணச் சீர் போலப் பளபளத்தது. பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

பிரமிளா பல் விளக்க வந்தாள்.

“இன்னா நைனா பண்ணிக்கினு கீறே?”

“தேச்சிக்கினு கீறேம்மா. எப்டி கீது பாரு!”

அவள் குண்டானைத் திருப்பி அடியைத் தடவினாள். “கரி எங்க நைனா? அதத்தான காட்டலாம்னு இருந்தேன். உங்க தாத்தா அந்த வழியில எரிச்ச வெறகு அது. அது இல்லன்னா இது வெறும் பாத்திரம்.” சொல்லிவிட்டு அழுதாள்.

எண்பது வருஷத்துக் கரி, நாரோடு சாக்கடையில் போயிருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கை கழுவக் குழாயைத் திறந்தேன்.

“கழுவாத!” என்று கத்தினாள்.

கழுவாத கையோடே அவளுடன் பள்ளிக்குப் போனேன். அங்கே இந்திராணி மேடம் குண்டானைப் பார்த்து, “இதி கொத்ததா?” என்றார். தெலுங்கில் புதுசா என்கிறார். பிரமிளா என் இரண்டு கைகளையும் பிடித்து, மேசைமேல் குண்டானுக்குப் பக்கத்தில் வைத்தாள். நகக்கண் எல்லாம் கரி.

“பர்மாலேர்ந்து வந்த கரி மேடம். நேத்து வரைக்கும் குண்டான்ல இருந்திச்சி,” என்று ஆரம்பித்துக் கதையைச் சொல்லி முடித்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து என் நகங்களைக் குனிந்து பார்த்தார்கள். முதலில் சிரித்த பையனும் வரிசையில் நின்றான். பெரிய மனிதனாகப் போன நான் காட்சிப் பொருளாக உட்கார்ந்திருந்தேன்.

மதியச் சாப்பாடு வந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு தட்டையே பார்த்தேன். பிரமிளா சோற்றை உருட்டி என் வாயருகே நீட்டினாள்.

“துன்னு நைனா,” என்றாள்.