ஜோத்பூருக்கு இரண்டு பொட்டலம்

1

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை தர்மபுரி மாவட்டத்தில் சொந்தமாக ஒரு முடிவை எடுத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் இந்தக் கதையின் ஆசிரியர். இதை அவர் தற்பெருமையாகச் சொல்லவில்லை, புள்ளிவிவரமாகச் சொல்கிறார்.

மற்றவர்களெல்லாம் பூ கேட்கிறவர்கள். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் வரும் ஆசிரியரின் ஊரில், போர் போடலாமா, பெண் எடுக்கலாமா, டிராக்டர் வாங்கலாமா என்று எந்தச் சந்தேகம் வந்தாலும் ஏரிக்கரை முனியப்பனிடம் போவார்கள். ஒரு வெள்ளை அரளி, ஒரு செவ்வரளி. இரண்டையும் ஒரே அளவுக் காகிதத்தில், நிறம் வெளியே தெரியாமல், தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி முனியப்பன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தை அதில் ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். மேல்முறையீடு கிடையாது.

ஆசிரியர் இன்ஜினியரிங் சேராமல் பி.ஏ. தமிழ் படிப்பதும் ஒரு செவ்வரளியின் தீர்ப்புதான். (அதனால் தமிழுக்கு நேர்ந்த நன்மை தீமைகளை ஆராய்வது இக்கதையின் நோக்கமன்று.) பழிக்குப் பழியாகக் கல்லூரிச் சுவரிதழில் 'அரளியாட்சி' என்றொரு கட்டுரை எழுதினார். அதன் புகழ்பெற்ற* வரி: "முடிவெடுக்கத் தெரியாதவன் வீட்டு வாசலில்தான் அரளி செழிக்கும்."

* புகழ்பெற்ற என்றால், நான்கு பேர் படித்தார்கள். நான்காவது ஆள் ஆசிரியரின் அக்கா.

2

கதை எங்கே பிறந்தது என்பதை இப்போது ஒப்புக்கொண்டுவிட வேண்டும். ஒரு நர்ஸைக் கற்பனை செய்ததாகச் சொல்லிக்கொள்ளத்தான் ஆசிரியர் முதலில் நினைத்தார். அது எடுபடவில்லை. கலைமதி அவருடைய சொந்த அக்கா.

தொடக்க வரிக்கு மூன்று முயற்சிகள் நடந்தன.

"வானத்தைக் கருமேகங்கள் சூழ்ந்த ஒரு மாலைப்பொழுதில்" [மழை பெய்து நாற்பது நாளாகிறது. அடுத்தது.]

"பறவைகள் கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும், மனிதனோ" [அக்கா படித்தால் அடிப்பாள்.]

"ஆசிமின் ஜெராக்ஸ் கடையில் கலர் மை தீர்ந்துபோயிருந்தது." [உண்மை. இதுவே இருக்கட்டும்.]

ஆசிமின் ஜெராக்ஸ் கடையில் கலர் மை தீர்ந்துபோயிருந்தது. அதனால் கலைமதியின் வேலை உத்தரவு கறுப்பு வெள்ளையில் வந்தது. ஏழு வருடமாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த நர்ஸாக இருப்பவள். மத்திய அரசுத் தேர்வை நான்காவது முறையாக எழுதித் தேறியிருந்தாள். தாளை ஆசிம் அவளுக்கு முன்னால் படித்துவிட்டான்.

"வேலை வந்துருச்சுங்க்கா. ஆனா ஜோத்பூர்னு போட்டிருக்குதுங்க."

"அது எங்க இருக்குது?"

ஆசிம் போனில் மேப்பைத் திறந்தான். இரண்டு விரலால் சுருக்கினான். மறுபடி சுருக்கினான். "அதும் நம்மூரும் ஒரே ஸ்கிரீன்ல வர மாட்டேங்குதுங்க்கா."

சம்மதமா இல்லையா என்று மெயிலில் பதில் சொல்ல அவளுக்குப் பதினைந்து நாள். கடைசி நாள் திங்கட்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. மெயில் இருப்பது ஆசிரியரின் போனில். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

பூவரசன் என்ற பாத்திரத்தின்மீது ஆசிரியருக்குத் தொடக்கம் முதலே சந்தேகம். கலைமதியின் கணவர். முப்பத்து மூன்று வயது. பட்டுப்புழு வளர்ப்பவர். கதைக்கு இந்த இடத்தில் தேவைப்படுவது, "பொம்பளைக்கு எதுக்கு அவ்வளவு தூரத்துல வேலை" என்று உறுமும் ஆள். வசனத்தைக்கூட ஆசிரியர் எழுதி வைத்திருந்தார். பூவரசன் அதைப் பேச மறுத்துவிட்டார்.

"மாமா, நீங்க என்னதான் சொல்றீங்க?"

"நான் என்னாத்த சொல்றது மாப்ள. அவ படிச்சா, அவ எழுதினா. அவ இஷ்டம்."

"அக்காவக் கேட்டா உங்க இஷ்டம்ங்குது."

"அப்ப யாரு இஷ்டமும் இல்லாம போச்சு," என்றபடி பூவரசன் மல்பெரிக் கட்டைத் தோளுக்கு ஏற்றினார். நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பினார். "அங்க மல்பெரி வருமா?"

"பாலைவனம் மாமா."

"ஒட்டகம் என்னா திங்கும்?"

"முள்ளு."

"முள்ளா," என்றார். முகத்தில் ஒரு கணக்கு ஓடியது. "தழை வெட்டற வேலை மிச்சம்."

[இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு எப்படி ஒரு மோதல் எழுதுவது? இவர் பிறந்ததிலிருந்து செய்தது ஒரே வேலை. அந்த வேலையை ஜோத்பூரில் செய்ய முடியாது. அங்கே இவர் நர்ஸம்மாவின் வீட்டுக்காரர், அவ்வளவுதான். இது தெரிந்தும் உறும மாட்டேன் என்கிறார்.]

4

பூவரசனின் தாய் காசியம்மாளுக்கு இந்த இழுபறி பிடிக்கவில்லை. "எதுக்கு ஆளாளுக்கு மண்டைய ஒடச்சிக்கிறீங்க? சனிக்கிழமை முனியப்பங்கிட்டப் பூப் போட்டுப் பாத்துட்டா முடிஞ்சுது."

ஆசிரியர் பகுத்தறிவின் சார்பாக எழுந்து நின்றார். "முனியப்பனுக்கு ஜோத்பூர் எங்க இருக்குதுன்னு தெரியுங்களா அத்தை?"

"உனக்குத் தெரியுமா தம்பி?"

ஆசிமின் போனிலேயே அடங்காத ஊர் என்பதால் ஆசிரியர் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் எல்லாரும் போனார்கள். பொட்டலம் கட்டும் பொறுப்பு பூவரசனுக்கு. கோயிலுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். பூசாரி மாயவன் இரண்டையும் வாங்கிச் சாமி காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். எடுக்க வேண்டிய குழந்தை, கலைமதியின் மகள் சுடர்மதி, நாலு வயது. பொட்டலம் என்றால் உள்ளே கல்கண்டு இருக்கும் என்பது அவள் கொள்கை.

சுடர் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

காசியம்மாள் பெருமூச்சு விட்டாள். பூசாரி திருநீற்றுத் தட்டுக்குக் கை நீட்டினார். முதல் பொட்டலத்தில் கல்கண்டு இல்லாததைக் கண்ட சுடர், முறைப்படி, இரண்டாவதையும் பிரித்தாள்.

அதுவும் வெள்ளை.

ஏரிக்கரையில் யாரோ டிவிஎஸ் ஐம்பதை உதைத்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது உதையில் அது கிளம்பியது.

"சாமி அழுத்திச் சொல்லுதுங்க," என்றார் பூசாரி.

"சாமி எங்க சொல்லுச்சு? இவன்ல சொல்லியிருக்கறான்," என்று காசியம்மாள் மகனைப் பார்த்தாள். "முனியப்பனையே ஏமாத்தறயாடா?"

கலைமதி கோபமாக இல்லை. அவள் குரல் ஊசி போடுவதற்கு முன்னால் பேசும் குரல். "எதுக்குங்க ரெண்டும் வெள்ளை வெச்சீங்க?"

"நீ போவணும்னுதான்."

"நான் போவணும்னா, நாம போவணும்னா?"

பூவரசன் பூவைப் பார்த்தார்.

"என்னெ அனுப்பி வெக்கறதுன்னா எனக்கு வேண்டாங்க. எனக்காவ வர்றேன்னும் சொல்லாதீங்க. உங்களுக்கு அங்க வரணும்னு இருக்குதுங்களா? அதெச் சொல்லுங்க போதும்."

புழுவுக்குத் தழை போட நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பூவரசன் போய்விட்டார். நேரமாகவில்லை. ஆசிரியர் மணி பார்த்தார்.

6

[ஐந்தாம் பகுதி எங்கே என்று தேட வேண்டாம். பின்னால் வரும். அதை எழுத ஆசிரியருக்கு இன்னும் கை வரவில்லை.]

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆசிரியர் இரண்டு முடிவுகளை எழுதிக் கையில் வைத்திருந்தார்.

முடிவு அ: சேலம் ஜங்ஷன். மூன்று பேர், ஏழு பை, இரண்டு கிலோ புளி. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து சுடர் கையாட்டுகிறாள். ரயில் நகர்கிறது. ஆசிரியருக்குக் கண்ணில் தூசி.

முடிவு ஆ: காலை எட்டே கால். கலைமதி டவுன் பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறாள். மறுநாளும் போகிறாள். கறுப்பு வெள்ளைத் தாள் ஒன்று ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கிறது.

கலைமதி இரண்டையும் படித்தாள். "நல்லாத்தான் எழுதற. எது நெஜம்?"

"நீதாங்க்கா சொல்லணும்."

"இந்த மாவட்டத்துலயே முடிவெடுத்த ஒரே ஆளு நீதானே மாதேசு. சொல்லு, போலாமா வேண்டாமா?"

அவள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் சிக்கல். சுவரிதழில் எழுதிய நாளிலிருந்து யாரும் ஆசிரியரிடம் ஒரு முடிவைக் கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்கிறவள் கண்ணில் தூக்கமில்லை.

"அவரு வாயத் தொறந்து, வரணும்னு இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். அந்த நிமிசமே உன்னெ மெயில் போடச் சொல்லிருவேன்."

"சொல்ல மாட்டாருக்கா."

"தெரியும். அதான் இருந்துக்கறேன்."

5

இது ஆறாம் பகுதிக்கு முன்னாலேயே, அன்று காலையில் நடந்தது.

ஆசிரியர் மாமாவைப் பார்க்கப் புழுக் கொட்டகைக்குப் போனார். பூவரசன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "என்னா மாப்ள, சென்ட்டா? புழுவுக்கு ஆவாது. போயி சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா." அந்தக் கொட்டகைக்குள் கலைமதிகூடத் தலைப்பூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் நுழைவாள். ஆசிரியர் தொட்டிக்குப் போய்க் கழுத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் திரும்பினார். வலை ஜன்னல் பக்கம் வந்தபோது உள்ளே குரல் கேட்டது.

"ஏக்."

ஒரு மல்பெரிக் கட்டு அடுக்கில் விழும் சத்தம்.

"தோ." இன்னொரு கட்டு. "தீன்." இன்னொன்று. "சார்."

புழுக்கள் தின்னும் சத்தம் மட்டும்.

"அஞ்சு... சை," என்றார் பூவரசன். மறுபடி முதலிலிருந்து. "ஏக்."

ஆசிரியர் உள்ளே போகவில்லை. நேராக, நாக்பூர்வரை லாரி ஓட்டும் முருகேஷின் வீட்டுக்குப் போனார். நம் ஊரில் இந்தி வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும்.

"பத்து நாளா எங்கிட்ட வர்றாரு," என்றார் முருகேஷ். "எண்றது இன்னும் நாலத் தாண்டல. ஆனா மொதல்ல என்னா கத்துக் குடுன்னாரு தெரியுமா? 'என் சம்சாரம் பெரியாஸ்பத்திரி நர்சு'ன்னு எப்படிச் சொல்றதுன்னு. அது மட்டும் தண்ணி பட்ட பாடு. பேச வந்தப்புறம் வூட்ல சொல்லிக்கறேன், அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதன்னாரு. நான் உங்கிட்டச் சொல்லல, பாத்துக்க."

இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. [ஆசிரியர் என்று படிக்கவும்.] சொன்னால் ஐந்து நிமிடத்தில் மெயில் போய்விடும். நானே [ஆசிரியரே] என் [அவர்] போனிலிருந்து அனுப்ப வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு, கல்லூரி விட்டு வரும்போது பஸ் நிறுத்தத்தில் என் பையைப் பிடுங்கிக் கல்கண்டு தேட யாரும் [அடைப்புக்குறி போட்டு மாளவில்லை. விட்டுவிடலாம்.]

சுவரிதழுக்கு நான்காவது வாசகியும் இருக்க மாட்டாள்.

7

திங்கட்கிழமை. மணி நாலே கால். இலக்கிய ஆராய்ச்சிக்காக ஆசிரியர் ஏரிக்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். முனியப்பன் கோயில் வழியில் இருந்தது தற்செயல். செருப்பைக் கழற்றியது, கல் குத்தியதால்.

கோயில் வேலியோரம் அரளி இரண்டு நிறத்திலும் பூத்திருந்தது. யாரும் இல்லை. ஆசிரியர் வெள்ளையில் இரண்டு பறித்தார். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மாமா எப்படி நின்றிருப்பார் என்று தெரிந்தது. பிறகு ஒன்றை வேலியிலேயே வைத்துவிட்டு, நேர்மையாக ஒரு சிவப்பைப் பறித்தார்.

காகிதம் வேண்டியிருந்தது. பையில் இருந்தவை முடிவு அ, முடிவு ஆ. எழுத்து உள்பக்கம் வரும்படி மடித்து, ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து தடவை இடம் மாற்றிச் சாமி காலடியில் வைத்தார். வெள்ளை வந்தால் ஓடிப்போய் அக்காவிடம் சொல்லிவிடுவது. சிவப்பு வந்தால்

[இந்த வாக்கியத்தை மூன்று தடவை தொடங்கியாயிற்று.]

எடுக்க ஒரு குழந்தை வேண்டும். சுடரைக் கூப்பிட முடியாது, அவள் இரண்டையும் பிரிப்பாள். ஆகவே, வாசகரே, நீங்கள்தான். நீங்கள் விவரம் தெரிந்தவர் என்பதை ஆசிரியர் மறுக்கவில்லை. ஆனால் எதில் எந்தப் பூ என்பது உங்களுக்குத் தெரியாது, அது போதும். வலப்பக்கத்துப் பொட்டலமா, இடப்பக்கத்துப் பொட்டலமா? ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். உள்ளே கல்கண்டு இல்லை.

மணி நாலு நாற்பது. அவசரப்படுத்தவில்லை.

முனியப்பன் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருப்பவர். அவருக்கு எதிரே நின்றால் சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடிக்கும். ஆசிரியர் கண்ணை மூடியிருப்பது அதனால்தான். கை குவிந்திருப்பதற்குக் காரணம் இனிமேல்தான் யோசிக்க வேண்டும். நீங்கள் எடுங்கள்.